கேரிபூ வேட்டைக்குப் புறப்படும் முன் கறியின் எடையைக் கணக்கிடுங்கள்

மின்னசோட்டாவில் ஐந்தாறு ஆண்டுகளாக வெள்ளைவால் மான் வேட்டையாடிப் பழகிய நண்பர்கள் மூவர் அடுத்த ஆண்டு அலாஸ்காவுக்கு வர நினைக்கிறீர்கள். சிறு விமானத்தில் தூந்திரா என்னும் மரமற்ற வடக்குச் சமவெளியில் இறங்கி, வழிகாட்டி இல்லாமல், நீங்களே கூடாரம் அடித்து, கேரிபூ என்ற வடதுருவப் பகுதி மானை வேட்டையாட ஆசை. எந்த இடம், எந்த மாதம், என்ன துப்பாக்கி, எவ்வளவு செலவு, எங்கே தவறு நேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூவரில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள், ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரில் வசிக்கிறேன். இந்த வேட்டைக்கு ஏழு முறை போயிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

துப்பாக்கியைப் பற்றி நீங்கள் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள், கறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் முறை வருகிற எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். துப்பாக்கிக்கான பதில் சிறியது: மான் வேட்டைக்கு வைத்திருக்கும் .270 அல்லது .30-06 ரைஃபிளே போதும். கேரிபூ எளிதில் விழும் விலங்கு. புதிதாக எதையும் வாங்காமல், இருப்பதை வைத்து 200 மீட்டரில் உட்கார்ந்தும் மண்டியிட்டும், காற்று வீசும்போதும் சுட்டுப் பழகுங்கள். இந்தப் பயணத்தை நடத்துவதும் கெடுப்பதும் எடைதான். ஆகவே திட்டத்தைக் கறியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள்.

கணக்கு இது. அலாஸ்காவின் வளர்ந்த ஆண் கேரிபூ 350 முதல் 400 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 160 முதல் 180 கிலோ வரை இருக்கும். குடலும் தோலும் தலையும் போக, எலும்போடு சட்டப்படி எடுத்துவர வேண்டிய கறி சுமார் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு நடைக்கு 25 கிலோவுக்கு மேல் பாதுகாப்பாகச் சுமக்க முடியாது. ஆக நான்கு நடை. விலங்கு விழுந்த இடம் கூடாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் என்றால், நான்கு நடைக்குப் போகவர 24 கிலோமீட்டர். ஆளுக்கு ஒரு விலங்கு என்றால், ஒருவர் சுமையை மற்றவர் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

இனி அந்த 24 கிலோமீட்டர் எதன் மேல் என்று பாருங்கள். தூந்திராவைப் படத்தில் பார்த்தால் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும். காலை வைத்தால்தான் தெரியும்: முழங்கால் உயரத்துக்குப் பந்து பந்தாக நிற்கும் புல்மேடுகள், அவற்றின் நடுவே சேறும் நீரும். மேட்டின் மேல் மிதித்தால் அது சாய்கிறது, நடுவில் மிதித்தால் கால் புதைகிறது. வெறுங்கையோடு ஒரு மைல் போக ஒரு மணி நேரம் ஆகும். முதுகில் ஒரு தொடையோடு இரண்டு மணி நேரம் ஆகலாம். அதனால்தான் எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். விமானம் இறங்கும் இடத்திலிருந்து ஒன்றரை மைலுக்கு அப்பால், அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால், எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடுவதில்லை.

இந்தக் கட்டுப்பாடு எனக்கு வலித்து வந்தது. முதல் பயணத்தில், இரண்டாம் நாள் மாலை, கூடாரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆண் கேரிபூவை வீழ்த்தினேன். இருட்டும் முன் இரண்டு பின்தொடைகளை மட்டும் கொண்டுவர முடிந்தது. மறுநாள் முழுவதும் மழை, ஓடை பெருகிவிட்டது, கடக்கவில்லை. அதற்கடுத்த நாள் போனபோது விலா எலும்புக் கூட்டின் மேல் ஒரு கிரிஸ்லி கரடி படுத்திருந்தது. முன்கால்களைத் தனியாக ஒரு மேட்டில் வைத்திருந்ததால் அவை தப்பின. கழுத்தும் விலாவும் போயின. விமானி வந்ததும் நடந்ததைச் சொன்னேன், மாநில வேட்டைத் துறைக்கும் தெரிவித்தேன். விலங்கு பறித்துக்கொண்டதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த உயிரை எடுத்தவன் நான். அதன் கறி முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாத இடத்தில் அதை வீழ்த்தியதும் நான். அந்த ஆண்டு முழுவதும் அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து சட்டம், ஏனென்றால் உங்கள் மூவரில் ஒருவரின் பயணமே அதில்தான் நிற்கிறது. அலாஸ்காவில் வசிக்காத அமெரிக்கக் குடிமகன் கேரிபூ, மூஸ் என்ற மிகப் பெரிய மான், கருங்கரடி ஆகியவற்றை வழிகாட்டி இல்லாமல் வேட்டையாடலாம். கிரிஸ்லி உள்ளிட்ட பழுப்புக் கரடி, டால் என்ற காட்டுச் செம்மறியாடு, மலையாடு ஆகிய மூன்றுக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அலாஸ்காவில் வசிக்கும் மிக நெருங்கிய உறவினரோ உடன் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகவும் இல்லாமல், நிரந்தர வசிப்பிடமும் அமெரிக்காவில் இல்லாதவருக்குக் கேரிபூ உட்பட எந்தப் பெரிய விலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம். இதற்கு மேல் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்றில் முறையாகப் பெற்ற வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் போய்விடும். எச்-1பி நண்பர் அலாஸ்கா மீன், வேட்டைத் துறைக்குத் தம் நிலையை விவரமாக எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கட்டும். தெரிந்தவர் சொன்னார் என்று நம்ப வேண்டாம், இதில் அவருடைய விசாவே ஆபத்தில் இருக்கிறது. பதில் பாதகமாக வந்தால் அவர் வேட்டையாடாமல் உடன் வரட்டும். சமைக்கவும் சுமக்கவும் மூன்றாவது முதுகு ஒன்று இருந்தால், இரண்டு கேரிபூ சுட்ட கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உரிமச் செலவு எளிது. வெளிமாநிலத்தவருக்கு ஆண்டு வேட்டை உரிமம் 160 டாலர், கேரிபூவுக்கான பூட்டும் டேக் 650 டாலர். விலங்கு விழுந்த உடனே அந்த டேக்கை அதில் பூட்ட வேண்டும். வேட்டையைக் கணக்கில் வைப்பதற்கான அறுவடைச் சீட்டு தனி, வேட்டை முடிந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டும். அலாஸ்கா 26 வேட்டை மேலாண்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதியும் எண்ணிக்கையும் வேறு, ஒரே பகுதிக்குள் ஆற்றின் இந்தக் கரைக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று என்றும் இருக்கும். விதிப்புத்தகத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நீங்கள் வரும் ஆண்டின் புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும்.

எந்த இடம் என்ற கேள்விக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் எல்லோரும் சொன்ன பதில், வடமேற்குக் கடற்கரை ஊரான கோட்ஸிபியூ. இன்று நான் அதைச் சொல்ல மாட்டேன். அங்கே நடமாடும் மேற்கு ஆர்க்டிக் மந்தை 2003-இல் சுமார் 4,90,000 விலங்குகளாக இருந்தது. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. அந்த மந்தை கோபுக் ஆற்றைக் கடக்கும் ஆனியன் போர்ட்டேஜ் என்ற இடத்தில் குறைந்தது எட்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் கேரிபூவுக்காகக் காத்திருந்ததற்கு மண்ணடியில் சான்று கிடைத்திருக்கிறது. இன்றும் அந்தப் பகுதியின் பழங்குடிகளான இனுபியாட் மக்கள் அங்கே காத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் கேரிபூவுக்குத் துத்து என்று பெயர். முதலில் வரும் கூட்டத்தைச் சுடாமல் கடக்க விடுவது அவர்கள் வழக்கம். முன்னோடிகள் மிரளாமல் போனால்தான் பின்னால் வருபவை அதே தடத்தில் வரும். வடக்கே சிறு விமானங்கள் இறங்கி, கூடாரங்கள் முளைத்து, அந்த முன்னோடிகள் திரும்பிவிடுகின்றன என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. 2022-இல் நோவாடக் தேசியக் காப்பகம் உள்ளிட்ட கூட்டாட்சி நிலங்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வெளியாருக்கு மூடப்பட்டதும் இதன் தொடர்ச்சிதான். எங்கேனும் ஒரு மூலையில் அனுமதி இருந்தாலும், குறைந்துவரும் மந்தையின் மேல் பொழுதுபோக்குக்காகப் போக எனக்கு மனம் வரவில்லை. கடைச் சாமான்கள் விமானத்தில் வந்து இறங்கும் அந்த ஊர்களில் குளிர்காலத்துக்குக் கறி என்றால் துத்துதான்.

தென்மேற்கில் முல்சாட்னா மந்தை 1990-களில் சுமார் 2,00,000 வரை போய், 2019-இல் பதின்மூவாயிரம் அளவுக்குச் சரிந்து, அங்கே வேட்டையே மூடப்பட்டது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் நம்பாதீர்கள். கனடாவின் கியூபெக், லாப்ரடார் பகுதிகளும் வழியில்லை. ஜார்ஜ் ஆற்று மந்தை சரிந்ததால் லாப்ரடார் 2013-இல் வேட்டையைத் தடை செய்தது, கியூபெக் 2018-இல் வெளியாருக்கான கேரிபூ வேட்டையை நிறுத்தியது.

நான் சொல்லும் இடம் வட அலாஸ்காவிலுள்ள புரூக்ஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவும் கிழக்குப் பகுதியும். அங்கே மத்திய ஆர்க்டிக் மந்தையும் போர்க்குப்பைன் மந்தையும் நடமாடுகின்றன. 2017 கணக்கெடுப்பில் போர்க்குப்பைன் மந்தை 2,18,000 விலங்குகளோடு நல்ல நிலையில் இருந்தது. ஃபேர்பேங்ஸ், கோல்ட்ஃபுட், டெட்ஹார்ஸ், ஃபோர்ட் யூகான் ஆகிய ஊர்களிலிருந்து இங்கே பறக்கிறார்கள். நில உரிமை பார்ப்பது உங்கள் பொறுப்பு. தேசியப் பூங்காவுக்குள் வெளியாருக்கு வேட்டை இல்லை. தேசியக் காப்பகத்திலும் வனவிலங்குப் புகலிடத்திலும் பொதுவாக உண்டு. பழங்குடி நிறுவனங்களின் நிலம் தனியார் நிலம், அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. வரைபடத்தில் மூன்றும் ஒரே பச்சையாகத் தெரியும்.

விமானச் செலவு அதிகம் என்று தோன்றினால், டால்டன் நெடுஞ்சாலையில் காரில் போய் நடந்து வேட்டையாடலாமா என்று கேட்பீர்கள். சாலையின் இருபுறமும் ஐந்து மைலுக்குத் துப்பாக்கி கூடாது, வில் மட்டும்தான். ஐந்து மைல் நடந்து, அதற்கு அப்பால் சுட்டு, 80 கிலோவை அந்த ஐந்து மைல் திரும்பச் சுமப்பதை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மாதம்: ஆகஸ்ட் 20-க்கும் செப்டம்பர் 10-க்கும் இடையே. கொசு அடங்கியிருக்கும், ஆண் கேரிபூக்கள் கொழுத்திருக்கும், கொம்பின் மெல்லிய தோல் உரியும் காலம். செப்டம்பர் நடுவில் வடக்கே பனி விழத் தொடங்கும். மாத இறுதியில் இணைசேரும் பருவம் நெருங்கும்போது பெரிய ஆண் கேரிபூக்களின் கறியில் வீச்சம் ஏறிவிடும், வாயில் வைக்க முடியாது. கறிக்காகப் போகிறவர் தாமதிக்கக் கூடாது.

இனி விமானி. இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிகப் பெரிய தேர்வு இது. நல்லவர்களிடம் ஓராண்டு, இரண்டாண்டு முன்பே இடம் நிரம்பிவிடும், ஆகவே இப்போதே பேசத் தொடங்குங்கள். இரண்டு வகையினர் உண்டு. ஏர் டாக்ஸி என்பவர் நீங்கள் காட்டும் இடத்துக்கு யாரையும் கொண்டுபோய் விடும் வாடகை விமானக்காரர். டிரான்ஸ்போர்ட்டர் என்பவர் வேட்டைக்காரர்களை ஏற்றி இறக்குவதற்கென்றே மாநில உரிமம் பெற்றவர். இரண்டாமவருக்கு மந்தை எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்கும், செலவும் கூடும். இருவருமே களத்தில் உங்களுக்கு வழிகாட்டக் கூடாது, அது சட்டம். எந்த வகையானாலும் ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும்.

அவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். ஆளுக்கு எத்தனை பவுண்டு சாமான்? கறிக்குத் தனி நடை உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? நடுவில் ஒருமுறை வந்து கறியை எடுத்துப்போவாரா, அதைக் குளிரில் வைக்க ஊரில் வசதி உண்டா? விலங்கே வராவிட்டால் கூடாரத்தை வேறிடத்துக்கு மாற்றுவாரா? அதே பள்ளத்தாக்கில் வேறு கூட்டத்தை இறக்குவாரா? வானிலை கெட்டு நீங்கள் மாட்டிக்கொண்டால் முதலில் யாரை எடுப்பார்? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்பவரோடு போங்கள். "கட்டாயம் கேரிபூ கிடைக்கும்" என்பவரை விட்டுவிடுங்கள். மந்தை எந்த வழியாக வரும் என்பதை எந்த மனிதரும் உறுதி சொல்ல முடியாது.

விமானத்தின் வகையைப் பொறுத்து உங்கள் கணக்கு மாறும். சூப்பர் கப் என்ற இரண்டு இருக்கை விமானம் பருத்த டயரோடு ஆற்றின் கூழாங்கல் திட்டிலும் மலைமுகட்டிலும் இறங்கும். ஆனால் ஒரு நடைக்கு ஓர் ஆளும் அவர் மூட்டையும், அல்லது ஒரு கேரிபூவின் கறி, அவ்வளவுதான். மூன்று பேர், இரண்டு கேரிபூ என்றால் திரும்ப ஐந்து நடை. மிதவை பூட்டிய பீவர் விமானம் சுமார் அரை டன் தூக்கும், ஆனால் அதற்கு நீண்ட ஏரி வேண்டும், ஏரியைச் சுற்றிச் சேறு இருக்கும். எனக்கு விருப்பம் சூப்பர் கப்தான். காய்ந்த மேட்டில் கூடாரம் கிடைக்கிறது என்பது எட்டு நாள் ஈரத்தில் வாழ்ந்தவருக்குத்தான் விளங்கும்.

சாமான்களில் மூன்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள்: கூடாரம், காலணி, மழை உடை. கூடாரம் தாழ்வாகவும் காற்றுக்கு நெளியாத கம்பிகளோடும் இருக்க வேண்டும். தூந்திராவில் காற்றைத் தடுக்க ஒரு மரம் இல்லை. இறங்கியதும் கயிறுகளைப் பாறைகளில் கட்டிவிட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வையுங்கள். கூழாங்கல் திட்டில் கூடாரம் அடித்தால் நீரின் விளிம்பில் ஒரு குச்சி நட்டு இரவில் இருமுறை பாருங்கள். மலையில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் ஆற்றை உயர்த்தும். ஜீன்ஸும் பருத்தி உடையும் வேண்டாம், நனைந்தால் காயாது. ஐந்து பாகை செல்சியஸில் நனைந்த உடலோடு காற்றில் நிற்பவரைக் குளிர் ஒரு மணி நேரத்தில் தள்ளாட வைத்துவிடும். அடுப்பு எரிபொருளையும் கரடிக்கான மிளகாய்த் தெளிப்பானையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கடைசி ஊரில் வாங்கிக்கொள்வதாக முன்பே விமானியிடம் சொல்லிவையுங்கள். பயன்படுத்திய அடுப்பையே சில நேரம் தடுப்பார்கள். ரைஃபிள் பூட்டிய கடினப் பெட்டியில், தோட்டா 11 பவுண்டுக்குள், இரண்டையும் பதிவு மேடையில் அறிவிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். கூட்டத்துக்கு ஒன்று போதாது. கறி சுமக்கும் நாளில் கூட்டம் பிரிந்துதான் இருக்கும்.

பறந்த நாளில் வேட்டை கிடையாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் சுடலாம். விமானத்திலிருந்து பார்த்து இறங்கிச் சுடுவதைத் தடுக்கவே இந்த விதி. இறங்கிய மாலை கண்ணெதிரே ஐம்பது விலங்குகள் கடந்துபோகலாம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாலை வீணில்லை. எந்தக் கணவாய் வழியாக வருகின்றன, எங்கே ஓடையைத் தாண்டுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவையும் பெரும்பாலும் அந்தத் தடத்தையே பிடிக்கும்.

நடந்துகொண்டே மேயும் கேரிபூவை மனிதன் பின்னாலிருந்து எட்டிப் பிடிக்க முடியாது. அது சோம்பலாக நடப்பதுபோல் தெரியும், நீங்கள் ஓடினாலும் இடைவெளி கூடும். முன்னால் போய், காற்று அதனிடமிருந்து உங்கள் பக்கம் வீசும் இடத்தில் அமர்ந்திருப்பதுதான் வேட்டை. கொம்பை மட்டும் பார்த்து ஆண் என்று முடிவு கட்டாதீர்கள், மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் ஒரே இனம் இதுதான். உடல் பருமன், கழுத்து, பின்புறம் எல்லாவற்றையும் தொலைநோக்கியில் பாருங்கள். கூட்டத்தில் நிற்பதைச் சுடும் முன் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பாருங்கள். தோட்டா உடலை ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காத்திருந்தால் விலகும்.

மூவரில் முதல் விலங்கு விழுந்ததும் மற்றவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். இதைப் பயணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மந்தை கடக்கும் பரபரப்பில் பேச முடியாது. முதல் விலங்கின் கறி முழுவதும் கூடாரத்துக்கு வந்து தொங்கிய பிறகுதான் இரண்டாவது. அந்த நேரத்தில் மந்தை போய்விட்டால் போகட்டும்.

சட்டம் எடுத்துவரச் சொல்வது இவை: முழங்கால் மூட்டு வரை முன்தொடைகள் இரண்டு, பின்தொடைகள் இரண்டு, முதுகுத்தண்டின் இருபுறக் கறி, உள்முதுகுக் கறி, கழுத்து, நெஞ்சு, விலா. விலாவை விட்டுவிட்டுக் கொம்பைத் தூக்கிவந்தால் சிறைத்தண்டனை வரை உண்டு. கொம்பு கறிக்கு முன்னால் ஊர் போய்ச் சேரக் கூடாது, கடைசிச் சுமையில்தான் வர வேண்டும். சில பகுதிகளில் தொடைகளையும் விலாவையும் எலும்போடேயே கொண்டுவர வேண்டும். விதி இல்லாத இடத்திலும் நான் எலும்பை நீக்குவதில்லை. எலும்போடு இருக்கும் தொடை காற்றில் மேல்தோல்போல் காய்ந்து தன்னைத் தானே காக்கும். வெட்டிக் குவித்த கறி பையின் நடுவில் சூடு பிடித்துக் கெடும். ஆண் மட்டும் அனுமதிக்கப்பட்ட வேட்டையில் ஆண் என்பதற்கான உடல் சான்று ஒரு தொடையில் ஒட்டியே இருக்க வேண்டும், உரிக்கும்போது மறந்து வெட்டிவிடாதீர்கள்.

சுட்ட அரைமணிக்குள் தோலை உரிக்கத் தொடங்குங்கள். கேரிபூவின் ஒவ்வொரு முடியும் உள்ளே வெற்றாக, குழல்போல் இருக்கும், அந்தத் தோல் குளிரை உள்ளே விடாததுபோலச் சூட்டையும் வெளியே விடாது. காற்றுப் புகும் துணிப் பைகளில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே போடுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடினால் ஒரே நாளில் நாற்றம் எடுக்கும். கூடாரத்துக்கு அருகில் வில்லோ புதர் மேலோ அடுக்கிய கற்களின் மேலோ, அடியில் காற்று ஓடும்படி வைத்து, மேலே மழைத்தாளைக் கூரைபோல் கட்டுங்கள். தாள் கறியைத் தொடக் கூடாது. ஈரம், சூடு, அழுக்கு மூன்றும்தான் எதிரிகள், அவற்றில் ஈரம் முதலாவது. காலையும் மாலையும் பையைத் தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். இந்த வேலைக்காகவே உதிரிப் பைகள் ஆறு எடுத்துப் போகிறேன்.

தோலுக்கு அடியில் புழுக்கள் தெரியலாம். அவை ஒரு வகை ஈயின் புழுக்கள், கறிக்குக் கேடில்லை. ஆனால் கால் மூட்டு வீங்கியிருந்தாலோ விதைப்பை பெருத்திருந்தாலோ அந்தப் பகுதியைக் கீறாதீர்கள். அது புருசெல்லா நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுக்கொண்டே அறுங்கள், கறியை முழுதாக வேகவையுங்கள்.

கரடியைப் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள், உண்மையில் அது ஒழுங்கைப் பொறுத்தது. கறியைக் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, கூடார வாயிலிலிருந்து தெரியும் இடத்தில், உங்கள் வழக்கமான நடைபாதையின் ஓரத்தில் அல்லாமல் வையுங்கள். பேட்டரியில் ஓடும் மின்வேலி ஒன்று எடுத்துவந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மறுநாள் எஞ்சிய கறிக்குத் திரும்பும்போது உயரமான இடத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். கரடி அமர்ந்துவிட்டால் கறி அதனுடையது. வேட்டைக் கறியைக் காப்பதற்காகக் கரடியைச் சுட உங்களுக்கு உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து என்று சுட்டால் தோலையும் மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும், நீங்கள் கவனக்குறைவாகக் கறியைப் போட்டதால் அந்த நிலை வந்ததா என்றும் விசாரிப்பார்கள்.

எட்டு நாள் பயணம் என்றால் பதின்மூன்று நாளுக்கு உணவு. புறப்படும் நாளில் மூடுபனி இறங்கிவிட்டால் விமானி வர மாட்டார், வரவும் கூடாது. ஒருமுறை நான்கு நாள் காத்திருந்தோம். இரண்டாம் நாள் எங்களில் ஒருவர், விமானியை வரச் சொல்லி வற்புறுத்திச் செய்தி அனுப்ப வேண்டும் என்றார். அனுப்பவில்லை. அலாஸ்காவில் சிறு விமானங்கள் விழுவதற்குக் கெட்ட வானத்தில் பறந்தது ஒரு முக்கியக் காரணம், பயணிகள் நெருக்கியதும் அதற்குப் பின்னால் இருந்திருக்கிறது. "நலமாக இருக்கிறோம், அவசரமில்லை, மேகம் இத்தனை அடி உயரத்தில் தெரிகிறது" என்று காலையும் மாலையும் எழுதுங்கள். அவருக்கு அதுதான் உதவும். ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள், அலுவலகத்தில் ஒரு வாரம் கூடுதலாக விடுப்புச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் இந்தப் பயணத்துக்கு வரக் கூடாது.

கடைசி ஊரில் இறங்கியதும் உங்களிடம் இரண்டு கேரிபூ என்றால் எலும்போடு சேர்த்து 160 கிலோ கறி இருக்கும். அதைச் சரக்கு விமானத்தில் ஃபேர்பேங்ஸுக்கு அனுப்பி, அங்கே கறி வெட்டித் தருபவரிடம் கொடுத்து, எலும்பு நீக்கி உறைய வைத்து, 50 பவுண்டுப் பெட்டிகளில் பதிவுச் சாமானாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெட்டுபவரிடம் ஆகஸ்டுக்கு முன்பே இடம் சொல்லி வையுங்கள், செப்டம்பரில் மூஸ் வந்து குவிந்தால் வாங்க மாட்டார்கள். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோ கறியின் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வாருங்கள்.

முழுதும் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தால் ஊரிலேயே கொடுத்துவிடலாம், கைமாற்றுப் படிவம் ஒன்று எழுத வேண்டும். ஆனால் பயணத்துக்கு முன்பே விமானியிடம் கேட்டு, வாங்கிக்கொள்ளும் குடும்பம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். விமானக் கொட்டகை வாசலில் யாராவது எடுத்துப்போவார்கள் என்று பைகளை இறக்கிவைத்துவிட்டு வராதீர்கள். கொடுப்பதாக இருந்தால் சுத்தமான, காய்ந்த, நல்ல தொடையைக் கொடுங்கள். மூன்றாவது பயணத்தில் ஒரு மூதாட்டி நான் நீட்டிய பையை வாங்கித் திறந்து, முகர்ந்து பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார். மழைக்கு நடுவே எட்டு நாள் அந்தத் தொடையைக் காயவைத்துக் காத்திருந்தேன். இன்றும் பைகளைக் கட்டும்போது அந்த விரல் நினைவுக்கு வருகிறது.